துருவினால்தான் காரம்

மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "குதிரை முள்ளங்கிக் (horseradish) கிழங்கு ஒன்று கிடைத்தது. முகர்ந்தால் வாசனையே இல்லை. கெட்டுப்போய்விட்டதா? நம் பக்கம் வளருமா?"

கெடவில்லை. முழுக் கிழங்கில் காரமே கிடையாது; துருவும்போதுதான் அது பிறக்கிறது. கிழங்குக்குள் சினிக்ரின் என்ற சேர்மம் ஓரிடத்திலும், மைரோசினேஸ் என்ற நொதி வேறிடத்திலும் ஒன்றையொன்று தொடாமல் இருக்கின்றன. பூச்சி கடித்தாலோ நாம் துருவினாலோ செல்கள் உடைந்து இரண்டும் கலக்கும். நொதி உடனே சினிக்ரினிலிருந்து குளுக்கோஸை வெட்டி எடுத்துவிடும். மிச்சமிருக்கும் துண்டால் அப்படியே நிற்க முடியாது. தன் அணுக்களை மாற்றி அடுக்கிக்கொண்டு அல்லைல் ஐசோதயோசயனேட் என்ற காரப்பொருளாகிவிடும். கடிபட்ட இடத்தில், கடிபட்ட நொடியில் செடி தயாரிக்கும் ஆயுதம் அது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

அந்தக் காரப்பொருள் சட்டென்று ஆவியாகும். அதனால்தான் மிளகாய்போல நாக்கில் நின்று எரியாமல் மூக்குக்கு ஏறி, கண்ணைக் கலங்கவைத்துவிட்டுச் சீக்கிரமே அடங்கிவிடுகிறது. மிளகாய் ஏன் எரிகிறது என்று தோண்டிப்போய், நரம்புகள் வலியை உணரும் விதத்தைக் கண்ட அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 'இதனால் என்ன பயன்?' என்று முதலிலேயே கேட்டு நிதியை மறுத்திருந்தால், வலியைப் பற்றி இவ்வளவு தெரிந்திருக்காது. நம் ஊரிலும் இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பணம் ஒதுக்க வேண்டும்.

துருவியதும் வினிகர் ஊற்றினால் அமிலம் நொதியை அடக்கிவிடும், காரம் குறைவு. இரண்டு மூன்று நிமிடம் விட்டு ஊற்றினால் நெடி தூக்கும். சூடும் நொதியைக் கெடுக்கும். கடுகும் இதே குடும்பம்தானே: தாளித்த கடுகு சாதுவாக இருக்க, பச்சையாக அரைத்து ஊறுகாயில் போட்டது சுள்ளென்று ஏறுவது இதனால்தான்.

சரி, வளர்ப்பு. இது குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்கும் செடி; டெல்டாவின் மார்கழிப் பனி அதற்குப் போதாது. நம் களிமண்ணில் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும். அதனால் தரையில் வேண்டாம். ஒன்றரை அடி ஆழப் பையில் செம்மண், மணல், மக்கிய எரு கலந்து, பெருமழை ஓய்ந்ததும் பென்சில் கனமுள்ள வேர்த்துண்டை நடுங்கள். பிற்பகலில் நிழல் விழட்டும். சித்திரை வெயிலுக்குள் தோண்டிவிடுங்கள். கிழங்கு ஒல்லியாகத்தான் இருக்கும், துருவ அது போதும்.

இதற்குப் பதிலாக முருங்கை வேரைத் துருவலாம் என்று சிலர் சொல்வார்கள். அந்த வேர்ப்பட்டையில் நச்சுப்பொருள்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள்.