வெள்ளைத் தாளில் மவுஸ் காணும் மேடுபள்ளங்கள்

“கண்ணாடி மேசையில் வைத்தால் மவுஸ் நகர மறுக்கிறது. கீழே ஒரு வெள்ளைத் தாளை வைத்ததும் ஓடுகிறது. தாளில்தான் எதுவும் எழுதவில்லையே, அது எதைப் பார்க்கிறது?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். எந்த மவுஸை வாங்குவது, வாங்கியதை எப்படிப் பராமரிப்பது என்பதில் பாதி இந்தக் கேள்விக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

பழைய கதையை வேகமாகக் கடந்துவிடலாம். 1964-இல் அமெரிக்க ஆய்வாளர் டக்ளஸ் எங்கல்பார்ட்டின் யோசனைப்படி பொறியாளர் பில் இங்கிலீஷ் செய்த முதல் மவுஸ் ஒரு மரப்பெட்டி. அதன் அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு சக்கரங்கள் இருந்தன. ஒன்று இடவல நகர்வையும் மற்றொன்று முன்பின் நகர்வையும் அளந்தன. பிறகு சக்கரங்களின் இடத்துக்கு ரப்பர் உருண்டை வந்தது. மேசையில் உள்ள தூசியையெல்லாம் உருட்டி உள்ளே கொண்டுபோய் உருளைகளில் அப்பிவிடும் என்பதால், அதை அடிக்கடி திறந்து சுரண்ட வேண்டியிருந்தது. 1980 வாக்கில் ஒளியால் இயங்கும் மவுஸ்கள் வந்தாலும், கோடுகளோ புள்ளிகளோ அச்சிட்ட தனிப் பலகையின்மேல்தான் அவை ஓடின. எந்த மேசையிலும் ஓடும் ஒளி மவுஸ் 1999-இல்தான் கடைக்கு வந்தது. அதற்குள் இருக்கும் வித்தை அலாதியானது.

மவுஸைக் கவிழ்த்துப் பாருங்கள். ஒரு சிறு துளை, அதற்குள் ஒரு லென்ஸ், பக்கத்தில் ஒரு எல்இடி விளக்கு. லென்ஸுக்கு மேலே இருப்பது ஒரு கேமரா. ‘போல’ என்று சொல்லத் தேவையில்லை, கேமராவேதான். ஆனால் மிகச் சிறியது. தொடக்ககால உணரிகளில் (சென்சார்களில்) 16-க்கு 16 என மொத்தம் 256 படப்புள்ளிகள்தான். ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் சதுரத்தை மட்டும் அது பார்க்கும், அதுவும் கருப்பு வெள்ளையில். ஆனால் நொடிக்கு 1,500 படம் எடுக்கும். இன்றைய உணரிகள் இதைவிடப் பல மடங்கு வேகம்.

விளக்கு தாளின்மேல் நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்ந்து அடிப்பதில்தான் சூட்சுமம். உழுத வயல் உச்சி வெயிலில் தட்டையாகத் தெரியும். மாலை வெயில் சாய்ந்து விழும்போது ஒவ்வொரு மண்கட்டியும் நீண்ட நிழலோடு எழுந்து நிற்கும். வெள்ளைத் தாளும் அப்படித்தான். நம் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் தாள் உண்மையில் மரக்கூழ் இழைகள் தாறுமாறாகப் பின்னிக் கிடக்கும் பரப்பு. சாய்வொளியில் ஒவ்வொரு இழைக்கும் ஒரு வெளிச்சப் பக்கம், ஒரு நிழல் பக்கம். அந்த வெளிச்சமும் நிழலும்தான் மவுஸுக்கு எழுத்து.

இப்போது கணக்கு. கையை நொடிக்கு 30 சென்டிமீட்டர் வேகத்தில் இழுக்கிறீர்கள். 1,500 படம் என்றால், ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் இடையே மவுஸ் நகர்வது 0.2 மில்லிமீட்டர். பார்க்கும் சதுரம் 1 மில்லிமீட்டர். ஆக, அடுத்தடுத்த இரண்டு படங்களில் ஐந்தில் நான்கு பங்கு ஒரே காட்சிதான், சற்றே இடம் மாறியிருக்கும். எவ்வளவு மாறியிருக்கிறது என்று கண்டுபிடித்தால் போதும். உணரிக்குள் இருக்கும் செயலி பழைய படத்தைப் புதிய படத்தின்மேல் வைத்து, இடப்பக்கம் ஒரு புள்ளி, வலப்பக்கம் ஒரு புள்ளி, மேலே, கீழே, மூலைவாட்டில் என்று தள்ளித் தள்ளிப் பொருத்திப் பார்க்கிறது. ஒவ்வொரு தடவையும் புள்ளிக்குப் புள்ளி வித்தியாசத்தைக் கூட்டுகிறது. எந்த இடத்தில் வித்தியாசம் மிகக் குறைவோ, அதுவே நகர்ந்த திசையும் தூரமும். இத்துடன் நிற்பதில்லை. கிடைத்த எண்களை ஒரு கிண்ணத்தின் வளைவாகப் பாவித்து, அந்தக் கிண்ணத்தின் அடிப்புள்ளி எங்கே என்று கணக்கிடுகிறது. அந்த அடி இரண்டு புள்ளிகளுக்கு நடுவே விழலாம். அதனால் ஒரு படப்புள்ளியைவிடச் சிறிய நகர்வையும் செயலியால் சொல்ல முடிகிறது. இவ்வளவும் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை உங்கள் உள்ளங்கைக்கு அடியில் நடக்கிறது.

வாசகரின் கேள்விக்கு விடை இதுவே. தெளிந்த கண்ணாடியில் நிழல் விழ மேடுபள்ளம் இல்லை. ஒளியும் பெரும்பாலும் ஊடுருவிப் போய்விடுகிறது. எல்லாப் படமும் ஒன்றுபோல் வெறுமையாக இருந்தால், எதை எதோடு பொருத்துவது? இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. ஒரே வடிவம் மிக நெருக்கமாகத் திரும்பத் திரும்ப வரும் அச்சுப் புள்ளிகள் உள்ள பரப்பில் பல இடங்கள் சமமாகப் பொருந்தும். மவுஸ் தவறான இடத்தைத் தேர்ந்து, கர்சர் துள்ளும். சாதாரண ஒற்றை நிறத் துணி மவுஸ் பேட்தான் எல்லா உணரிக்கும் ஏற்ற நிலம். கண்ணாடியில்தான் வேலை என்றால் அதற்கென்றே உள்ள உணரிகளை வாங்கலாம். லாஜிடெக் 2009-இல் கொண்டுவந்த டார்க்ஃபீல்டு வகை, கண்ணாடிமேல் உள்ள நுண்ணிய தூசியையும் கீறலையும் இருண்ட பின்னணியில் மின்னும் புள்ளிகளாகப் பார்த்து நகர்வை அறிகிறது. கண்ணாடி குறைந்தது 4 மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும்.

இந்தக் கேமராவை மவுஸுக்கென்று யாரும் தேடிப் போகவில்லை. ஹெச்பி ஆய்வகத்தில் தாளின்மேல் கையால் தேய்த்து நகல் எடுக்கும் ஸ்கேனருக்காக, தாளின் இழைகளைப் பார்த்து இடத்தை அறியும் முறையை உருவாக்கினார்கள். அதுவே மவுஸுக்குள் வந்தது. எங்கல்பார்ட்டின் குழுவுக்கோ அமெரிக்க அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான ஆர்ப்பாவும் விண்வெளி அமைப்பான நாசாவும்தான் பணம் தந்தன. ஒளிப்பேனா, ஜாய்ஸ்டிக், முழங்காலால் இயக்கும் கருவி என எல்லாவற்றோடும் மவுஸைப் போட்டியிட வைத்து அளந்து பார்க்க அந்தப் பணம் உதவியது. உடனடிப் பயன் என்ன என்று கேட்டுக் கேட்டே ஆராய்ச்சி நிதியை வெட்டுகிறவர்கள் இந்த வரலாற்றை ஒரு தடவையாவது படிக்க வேண்டும்.

இனி தேர்வு. பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் டிபிஐ எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 800 டிபிஐ என்றால், மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் 800 எண்ணிக்கை. 1,920 புள்ளி அகலமுள்ள திரையை இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கடக்க 2.4 அங்குலம், அதாவது சுமார் 6 சென்டிமீட்டர். 1,600 வைத்தால் 3 சென்டிமீட்டர். அன்றாட வேலைக்கு இந்த இரண்டுக்கும் இடையில் ஏதாவது போதும். 16,000 என்று போட்டால் ஒரு எண்ணிக்கைக்கு 1.6 மைக்ரோமீட்டர். விரலின் இயல்பான நடுக்கமே இதைவிடப் பெரியது. டிபிஐ கூடக் கூட மவுஸ் துல்லியம் என்பது இன்றைய மூடநம்பிக்கைகளில் ஒன்று.

எண்ணைவிட அளவு முக்கியம். மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனிவரை அளந்துகொள்ளுங்கள். உள்ளங்கை முழுவதும் படிய வைத்துப் பிடிப்பவருக்கு முதுகு உயர்ந்த நீளமான மவுஸ் தேவை. விரல்நுனியால் மட்டும் பிடிப்பவருக்குச் சிறியதே வசதி. சிறிய மவுஸைப் பெரிய கை நாள் முழுக்கக் கவ்விப் பிடித்தால் கட்டைவிரலின் அடித்தசை வலிக்கத் தொடங்கும். எண் விசைகள் இல்லாத குறுகிய விசைப்பலகைக்கு மாறினால் மவுஸ் உடலை ஒட்டி வந்து தோள் இளைப்பாறும். மணிக்கட்டு வலிக்காரர்கள் செலவு செய்யுமுன் இதை முயலலாம்.

வயர்லெஸ் மவுஸ் அடிக்கடி தடுமாறினால் மவுஸைக் குறை சொல்லுமுன் அதன் டாங்கிள் (கணினியில் செருகும் சிறு ஏற்பி) எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். அது பேசுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். பக்கத்தில் யூஎஸ்பி 3.0 வாயில் வெளி வன்தட்டு இயங்கினால், அதன் இரைச்சல் இதே அலைவரிசையிலும் பரவும். ஒரு சிறு நீட்டிப்பு வடத்தில் டாங்கிளை மவுஸுக்கு அருகே கொண்டுவந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கதிர்வீச்சு ஆபத்து என்று அஞ்சவும் தேவையில்லை. இது அனுப்புவது சில மில்லிவாட் மட்டுமே. செல்பேசியால் இதைப் போல் பல மடங்கு வெளியிட முடியும்.

பழுதுகளில் அதிகம் வருவது, ஒரு கிளிக் இரண்டாகப் பதிவது. கோப்பை இழுத்துப் போகும்போது பாதி வழியில் தானாக நழுவி விழுந்தாலும் இதே நோய்தான். பொத்தானுக்குக் கீழே உள்ள சிறு சுவிட்சில் மெல்லிய உலோகத் தகடு ஒன்று துள்ளிப் போய் முனையைத் தொடுகிறது. தொட்டதும் ஒரே அடியாய் நிற்காது, சில முறை அதிர்ந்து அடங்கும். மவுஸின் சில்லு அந்தச் சில மில்லிநொடிகளைக் கண்டுகொள்ளாமல் விடும். நாள்பட முனையில் ஆக்சைடு படியும். இன்றைய மவுஸ்களில் மின்னழுத்தமும் மின்னோட்டமும் மிகக் குறைவு என்பதால், அந்தப் படலத்தை எரித்து நீக்கும் தெம்பு அதற்கில்லை. தொடுகை விட்டு விட்டு வரும். தகட்டின் வில்தன்மையும் தளரும். சில்லு பொறுக்கும் நேரத்தைத் தாண்டி அதிர்வு நீண்டால் அது இரண்டாவது கிளிக் ஆகிவிடும். நிலையான தீர்வு, பற்றவைப்புக் கோலால் சுவிட்சையே மாற்றுவது. சுவிட்சுக்குப் பதிலாக ஒளிக்கற்றை மறிபடுவதை உணரும் பொத்தான்கள் உள்ள மவுஸ்களில் உரசும் தொடுமுனையே இல்லாததால் இந்த வகைக் கோளாறு வராது.

சக்கரத்தைக் கீழே உருட்டினால் பக்கம் சில சமயம் மேலே துள்ளுகிறதா? சக்கரத்தின் அச்சில் உள்ள உணரி, முன்பின்னாக வரும் இரண்டு துடிப்புகளில் எது முந்தியது என்பதை வைத்தே திசையை அறிகிறது. தூசியோ தேய்மானமோ ஒரு துடிப்பை விழுங்கினால் திசை புரளும். மின்கலத்தை எடுத்துவிட்டு அச்சிடுக்கில் ஒரு சொட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டு, இருபது முப்பது முறை சுற்றி, நன்றாக உலர்ந்தபின் பாருங்கள்.

கையே வைக்காதபோது கர்சர் நடுங்கினால் அடித்துளையில் ஒரு முடி தொங்குகிறதா என்று பாருங்கள். உலர்ந்த பஞ்சுக்குச்சியால் மெல்ல எடுத்துவிடலாம், லென்ஸை அழுத்தித் தேய்க்க வேண்டாம். கவிழ்த்துப் பார்க்கும்போது சிவப்பு விளக்கு தெரியவில்லை என்றால் பழுது என்று எண்ணிவிடாதீர்கள். இன்றைய மவுஸ்கள் பலவற்றில் அகச்சிவப்பு எல்இடிதான். அதைக் கண்ணுக்குத் தெரியாமல் வைத்துக்கொண்டு, உங்கள் மேசையின் நிழல்களை அது இடைவிடாமல் படித்துக்கொண்டிருக்கிறது.