பிசினஸ் கிளாஸ் டிக்கெட் எப்போது விலை இறங்குகிறது?

போயிங் 777 விமானத்தின் எகானமிப் பகுதியில் இப்போதெல்லாம் பெரும்பாலும் வரிசைக்குப் பத்து இருக்கைகள். ஒரு வரிசைக்கும் அடுத்ததற்கும் இடையே 31 அல்லது 32 அங்குலம். அதே விமானத்தின் முன்பகுதியில், கால் நீட்டிப் படுக்கும் பிசினஸ் கிளாஸில், வரிசைக்கு நான்கு பேர்தான். இடைவெளி 43, 44 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலத்தில் இரண்டரை மடங்கு, நீளத்தில் ஏறக்குறைய 1.4 மடங்கு. பெருக்கிப் பார்த்தால், ஒரு பிசினஸ் இருக்கை மூன்றரை எகானமி இருக்கைகளின் இடத்தைத் தின்கிறது. நல்ல சாப்பாடு, விமான நிலைய ஓய்வறை, கூடுதல் பணியாளர்கள் எல்லாம் சேர்த்தால் நான்கு மடங்கு விலை நியாயம் என்று தோன்றும்.

விலைப்பட்டியல் அப்படி நடந்துகொள்வதில்லை. ஒரே தடத்தில் சில நாள் எகானமியைப் போல இரண்டரை மடங்குக்குக் கிடைக்கும். சில நாள் ஏழெட்டு மடங்கு கேட்கும். இருக்கை ஒன்றுதான், எரிபொருளும் ஒன்றுதான். ஆக, விலை இடத்தைப் பொறுத்ததும் அல்ல, செலவைப் பொறுத்ததும் அல்ல. இன்னும் டிக்கெட் வாங்காத ஒருவரைப் பற்றிய ஊகத்தைப் பொறுத்தது.

அந்த ஊகத்தை முதன்முதலில் சூத்திரமாக எழுதியவர் கென் லிட்டில்வுட். பின்னாளில் பிரிட்டிஷ் ஏர்வேஸோடு இணைந்த பி.ஓ.ஏ.சி. நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1972-இல் அவர் எழுதிய கட்டுரை ஒரு எளிய சிக்கலை எடுத்துக்கொண்டது. குறைந்த விலைக்காரர் முன்கூட்டியே வருவார். முழு விலை கொடுப்பவர் கடைசி நேரத்தில் வருவார். இன்று வந்து நிற்பவருக்கு இருக்கையைக் கொடுத்துவிடலாமா, நாளை வரக்கூடியவருக்காக வைத்திருக்கலாமா?

ஒரு கற்பனைக் கணக்கு. விமானத்தில் 30 பிசினஸ் இருக்கைகள். முழுக் கட்டணம் 4 லட்சம், சலுகைக் கட்டணம் 1.6 லட்சம். எட்டாவது இருக்கையை எடுத்துக்கொள்வோம். முழு விலை கொடுக்கும் பயணிகள் குறைந்தது எட்டு பேராவது வருவதற்கான நிகழ்தகவு 70 சதவீதம் என்று பழைய பயணப் பதிவுகள் சொல்கின்றன. அந்த இருக்கையைக் காத்து வைத்தால் எதிர்பார்க்கும் வருமானம் 4 லட்சத்தில் 70 சதவீதம், அதாவது 2.8 லட்சம். சலுகை விலையைவிட அதிகம். எனவே கொடுக்கக் கூடாது. இருபதாவது இருக்கைக்கு வாருங்கள். இருபது பேர் முழு விலையில் வர நிகழ்தகவு 25 சதவீதம்தான். எதிர்பார்ப்பு ஒரு லட்சம். இதைக் காத்து வைப்பது நஷ்டம், 1.6 லட்சத்துக்கு இப்போதே தள்ளிவிடலாம். நிகழ்தகவு 40 சதவீதத்தைத் தொடும் இடம்தான் எல்லைக்கோடு, ஏனென்றால் 1.6 என்பது 4-இல் 40 சதவீதம். அந்தக் கோடு பதினான்காவது இருக்கையில் விழுந்தால், 14 இருக்கைகள் பூட்டி வைக்கப்படும், 16 இருக்கைகள் சலுகைக்குத் திறக்கும்.

மலிவான பிசினஸ் டிக்கெட் என்பது இவ்வளவுதான்: முழு விலைக்காரர் வரமாட்டார் என்று கணினி நம்பிய ஒரு இருக்கை. அவரை அது எங்கே, எப்போது எதிர்பார்க்கவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

லிட்டில்வுட் கையாண்டது இரண்டே விலைகளை. அமெரிக்காவில் 1978-இல் விமானக் கட்டணக் கட்டுப்பாடு நீங்கிய பிறகு இது பெரிய ஆயுதமானது. பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற மலிவு விலை நிறுவனம் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தபோது, 1985 ஜனவரியில் ராபர்ட் கிராண்டல் தலைமையிலான அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அதற்கு ஈடான விலையை அறிவித்தது. எல்லா இருக்கைக்கும் அல்ல. முன்கூட்டி வாங்குபவருக்கு, கணினி ஒதுக்கிய இருக்கைகளுக்கு மட்டும். மற்றவை பழைய விலையிலேயே விற்றன. பீப்பிள் எக்ஸ்பிரஸ் 1987-இல் இன்னொரு நிறுவனத்தில் கரைந்து காணாமல் போனது. அதே ஆண்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பீட்டர் பெலோபாபா தன் முனைவர் பட்ட ஆய்வில் இந்தக் கணக்கைப் பல விலைகளுக்கு விரித்தார். இன்றைய மென்பொருள்கள் அதன் பேரப்பிள்ளைகள்.

அந்தப் பல விலைகள் நம் டிக்கெட்டில் ஓர் ஆங்கில எழுத்தாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பல நிறுவனங்களில் ஜே என்றால் முழு விலை பிசினஸ். சி, டி, ஐ, இசட் என்று இறங்க இறங்க விலை குறையும், நிபந்தனை கூடும். நிறுவனத்துக்கு நிறுவனம் எழுத்து மாறலாம். ஒவ்வொரு எழுத்துக்கும் இத்தனை இருக்கை என்று ஒரு ஒதுக்கீடு உண்டு, அது நாளெல்லாம் மாறிக்கொண்டிருக்கும். விலை ஏறுவது என்று நாம் சொல்வது பெரும்பாலும் கீழ் எழுத்து தீர்ந்துபோய் அடுத்த எழுத்து திறப்பதைத்தான்.

இதிலிருந்து உடனே பயன்படும் ஒரு விஷயம். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்குத் தேடுகிறீர்கள், இசட்டில் மூன்று இருக்கைதான் மிச்சம். பல தளங்கள் நான்கு பேருக்கும் ஒரே எழுத்தைத்தான் தேடும். எனவே நால்வருக்கும் அடுத்த விலையைக் காட்டும். ஒருவருக்கு என்று தேடிப் பாருங்கள், பிறகு இருவருக்கு, மூவருக்கு. விலை எங்கே தாவுகிறதோ அங்கே பிரித்து வாங்கலாம். உலாவியின் குக்கீயை அழித்தால் விலை இறங்கும் என்று சொந்தக்காரர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் கிடையாது. இரண்டு தேடல்களுக்கு நடுவே யாரோ கடைசி இசட்டை வாங்கியிருப்பார், அவ்வளவுதான்.

அடுத்தது, அந்த முழு விலைக்காரர் யார் என்பது. அவர் தன் காசில் போவதில்லை. வங்கியோ ஆலோசனை நிறுவனமோ அனுப்புகிறது. திங்கள் போய் வெள்ளி திரும்ப வேண்டும், தேதி மாறலாம், நேரடி விமானம் வேண்டும். அவருக்கு ஒத்துவராத நிபந்தனைகளைச் சலுகை டிக்கெட்டில் வேலியாகக் கட்டுகிறார்கள்: பல வாரம் முன்னதாக வாங்கு, குறைந்தது ஒரு சனிக்கிழமை இரவாவது அங்கே தங்கு, திருப்பித் தந்தால் பணம் போகும். சனிக்கிழமை நிபந்தனை நமக்கு அபத்தமாகத் தெரியும். வார இறுதியை வீட்டில் கழிக்க விரும்பும் அதிகாரியை வடிகட்ட அதைவிட எளிய சல்லடை இல்லை.

அதே அதிகாரிகள் ஊரில் விடுமுறை எடுக்கும்போது முன்பகுதி காலியாகிறது. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே ஆகஸ்டிலும் கிறிஸ்துமஸ் வாரத்திலும் எகானமி நெரிசலாக இருக்கும். பிசினஸில் தள்ளுபடி அறிவிப்பார்கள். இந்த விதியை அப்படியே சென்னைக்குக் கொண்டுவந்தால் கை சுடும். டிசம்பரில் அமெரிக்காவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஊருக்கு வரும் குடும்பங்கள் முன்பகுதியையும் நிரப்புகின்றன. நம் தடத்தில் பிப்ரவரி, மார்ச், அப்புறம் செப்டம்பர் மாதங்களில் தேடுவது நல்லது.

நேரடி விமானம் இருக்கும் ஊரில் அதை ஓட்டும் நிறுவனம் விலையை இறக்காது. நடுவில் இறங்கி மாறும் நிறுவனம்தான் இறக்க வேண்டும். சென்னையிலிருந்து லண்டனுக்கு பிரிட்டிஷ் ஏர்வேஸ் நேராகப் பறக்கிறது. தோஹா, துபாய், அபுதாபி, கொழும்பு வழியாகக் கூட்டிப்போகும் நிறுவனங்கள் நாம் கூடுதலாகச் செலவிடும் நான்கைந்து மணி நேரத்துக்கு ஈடாக விலையைக் குறைத்தாக வேண்டும். இதனால் ஒரு விசித்திரம் நடக்கும். சென்னை–தோஹா–லண்டன் டிக்கெட்டின் மலிவு எழுத்து திறந்திருக்கும். அதே விமானத்தில் சென்னை–தோஹா மட்டும் கேட்டால் மூடியிருக்கும். கணினி ஒவ்வொரு விமானத்தையும் தனியாகப் பார்க்காமல், தொடங்கும் ஊரையும் முடியும் ஊரையும் சேர்த்துத்தான் பார்க்கிறது.

தொடங்கும் ஊர் என்ற சங்கதி இன்னும் ஆழமானது. அந்த ஊரில் கம்பெனிக் காசில் பறப்பவர்கள் எத்தனை பேர், நாணயத்தின் பலம் என்ன, போட்டி எவ்வளவு என்று பார்த்து விலை வைக்கிறார்கள். லண்டன்வாசிகள் டப்ளினுக்குப் போய் அங்கிருந்து நியூயார்க் டிக்கெட்டைத் தொடங்குவது இதனால்தான். பல சமயம் அந்த விமானம் அவர்களைத் திரும்ப லண்டனுக்கே கொண்டுவந்து மாற்றும்! வரியும் இதில் ஒரு கை. லண்டனில் தொடங்கும் நெடுந்தூரப் பயணத்துக்கு பிரிட்டன் வாங்கும் விமானப் பயணி வரி, 2025 ஏப்ரலில் நியூயார்க், டெல்லி தூரத்துக்கு எகானமியில் 90 பவுண்ட், பிசினஸில் 216 பவுண்ட் ஆனது. அயர்லாந்து தன் வரியை 2014-இலேயே நீக்கிவிட்டது. ஒரே டிக்கெட்டில் லண்டனில் 24 மணி நேரத்துக்குள் விமானம் மாறுபவருக்கும் பிரிட்டன் வரி கிடையாது.

நம் பக்கத்தில் இதற்கு இணையாகப் பார்க்க வேண்டிய ஊர் கொழும்பு. சில மாதங்களில் அங்கிருந்து தொடங்கும் டிக்கெட் சென்னையைவிடத் தெளிவாகக் குறைவு. ஆனால் சென்னை–கொழும்பு தனி டிக்கெட்டாக இருந்தால், முதல் விமானம் தாமதமானால் அடுத்தவர் பொறுப்பேற்க மாட்டார். பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கும்; அதற்கு இலங்கைக்குள் நுழையும் அனுமதியும் வேண்டும். ஓர் இரவு அங்கே தங்கும் அளவுக்கு இடைவெளி விட்டால்தான் இந்த வழியைச் சொல்வேன்.

தொடங்கும் ஊரால் வரும் வித்தியாசம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, பிழையாகவே என்றாலும், 2019 புத்தாண்டில் ஒரு சாட்சி கிடைத்தது. வியட்நாமின் தானாங்கிலிருந்து நியூயார்க்குக்கு கேத்தே பசிபிக்கின் பிசினஸ் டிக்கெட், போகவர 700 டாலருக்கும் கீழே விற்றது. தவறு நடந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டு, வாங்கியவர்களை அந்நிறுவனம் ஏற்றிக்கொண்டது. எல்லோரும் அப்படிச் செய்வதில்லை. இந்த மாதிரி டிக்கெட் வாங்கியவுடன் ஹோட்டல் பதிவு செய்துவிடாதீர்கள்.

தொலைவான ஊரில் தொடங்குபவருக்கு ஒரு எச்சரிக்கை. டிக்கெட்டின் கட்டங்களை, அதாவது அதில் உள்ள ஒவ்வொரு விமானத்தையும், வரிசையாகப் பயன்படுத்த வேண்டும். டப்ளின் டிக்கெட்டை வாங்கிவிட்டு லண்டனில் நேராக ஏறலாம் என்று போனால், முதல் கட்டத்துக்கு வராதவர் என்று மிச்சம் முழுவதையும் ரத்து செய்துவிடுவார்கள். கடைசிக் கட்டத்தை விட்டவர்கள் மீதும் வழக்கு போயிருக்கிறது. 2016-இல் ஒருவர் ஓஸ்லோவிலிருந்து சியாட்டிலுக்குப் போகவர டிக்கெட் வாங்கி, திரும்பும்போது பிராங்க்பர்ட்டோடு இறங்கிவிட்டார். லுஃப்தான்சா 2,112 யூரோ கேட்டு பெர்லின் நீதிமன்றத்துக்குப் போனது. அந்தத் தொகையை எப்படிக் கணக்கிட்டார்கள் என்பது தெளிவாக இல்லை என்று 2018 டிசம்பரில் வழக்கைத் தள்ளினார்கள். பயணி ஜெயித்தார்தான். இருந்தாலும், மைல்ஸ் (பறக்கப் பறக்க நிறுவனம் தரும் புள்ளிகள்) கணக்கு வைத்திருப்பவர்கள் இதைச் செய்யாமலிருப்பது நல்லது. கணக்கையே முடக்கிவிடும் உரிமை பல நிறுவனங்களின் விதிகளில் இருக்கிறது.

இந்தியாவில் வாங்கினால் ஜி.எஸ்.டி.யும் உண்டு. எகானமிக்கு 5 சதவீதம். பிசினஸுக்கு 12 ஆக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆனது. ஒப்பிடும்போது வரி சேர்த்த தொகையையே பாருங்கள்.

கடைசி நேரத்தில் என்ன ஆகும்? சந்தையில் கீரைக்கட்டு சாயங்காலம் விலை இறங்கும். விமானத்தில் தலைகீழ். கதவு மூடியதும் காலி இருக்கையின் மதிப்பு சைபர்தான், ஆனாலும் கடைசி வாரத்தில் வெளிப்படையாக விலையைக் குறைக்க மாட்டார்கள். குறைத்தால் அந்த அதிகாரியும் காத்திருக்கக் கற்றுக்கொள்வார், முழு அமைப்பும் உடையும். எனவே மீந்த இருக்கைகளை அவர் கண்ணில் படாத வழிகளில் தள்ளுகிறார்கள். காசுக்குப் பதில் மைல்ஸ் கொடுத்து வாங்கும் இருக்கைகள் அப்படி ஒன்று. பயணத்துக்கு ஏறத்தாழ 11 மாதம் முன்பு அட்டவணை திறக்கும்போது கொஞ்சம் கிடைக்கும், பிறகு காய்ந்துபோகும், கடைசி இரண்டு வாரங்களில் சில நிறுவனங்களில் மறுபடி தலைகாட்டும்.

இன்னொரு வழி அப்கிரேட் ஏலம். எகானமி டிக்கெட் வைத்திருப்பவருக்கு, பிசினஸுக்கு மாறக் கூடுதலாக எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டு மின்னஞ்சல் வரும். தொகையைப் பதிவு செய்தால், பறப்பதற்கு ஓரிரு நாள் முன்பு முடிவு சொல்வார்கள். தளத்தில் ஓர் அளவுமானி பச்சையாகவும் சிவப்பாகவும் மாறி நம்மைக் கூட்டச் சொல்லும். அதை நான் பொருட்படுத்துவதில்லை. இருக்கை வரைபடத்தில் முன்பகுதி எவ்வளவு காலி என்று பார்ப்பது மேல். எகானமி விலையோடு ஏலத் தொகையைக் கூட்டி, நேராக இசட்டில் வாங்கினால் என்ன ஆகியிருக்கும் என்று ஒப்பிட்டுவிட்டுக் கேளுங்கள். ஏலத்தில் முன்னே போனவருக்குப் படுக்கையும் சாப்பாடும் பிசினஸ் கணக்கில் கிடைக்கும். மைல்ஸ் மட்டும் பெரும்பாலும் பழைய எகானமி டிக்கெட் படிதான் சேரும்.