போன் போயிடுச்சு, இன்சூரன்ஸ் போகல

இந்த வாரமும் ஒருத்தர் வந்தாங்க. எப்பவோ வித்துட்ட போனுக்கு இன்னமும் மாசாமாசம் பிரீமியம் போய்க்கிட்டு இருக்கு. ஸ்டேட்மெண்ட்ல அந்த வரியைக் காட்டினதும் அவங்க கேட்டது, வர்றவங்க எல்லாரும் கேக்கிற அதே கேள்விதான்: "போனே என்கிட்ட இல்லையே, அப்புறம் இன்சூரன்ஸ் எப்படி ஓடும்?" இன்சூரன்ஸ் புகார் எழுதிக் கொடுக்கிறது என் வேலை. இதுக்கு பதில் சொல்லிச் சொல்லி அலுத்துடுச்சு, அதனால இங்க எழுதி வச்சிடறேன்.

நீங்க போனை வித்தது, தொலைச்சது, தம்பிக்குக் கொடுத்தது, எக்ஸ்சேஞ்ச்ல போட்டது எதுவும் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரியாது. நீங்களா சொன்னாத்தான் தெரியும். பாலிசி நிக்கிறது அதுல பதிஞ்ச ஐ.எம்.இ.ஐ நம்பர்ல, அதாவது ஒவ்வொரு போனுக்கும் தனியா இருக்கிற அடையாள எண்ல, பணம் போறது பேங்க்ல நீங்க கொடுத்த ஆட்டோ டெபிட் அனுமதியில. சிம்மை மாத்தினீங்களா, நம்பரை மாத்தினீங்களா, நெட்வொர்க்கையே விட்டு வந்துட்டீங்களா, அந்த அனுமதி பாட்டுக்கு இருக்கும், பணமும் பாட்டுக்குப் போகும். இன்னும் சிலர் புது போன் வாங்கினா பழைய பாலிசி தானா அதுக்கு மாறிடும்னு நம்பி வருஷக்கணக்கா கட்டிட்டு, திரை உடைஞ்சதும் க்ளெய்ம் போடுவாங்க, ஐ.எம்.இ.ஐ பொருந்தலைன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. அதாவது பழைய போனுக்கும் பிரயோஜனம் இல்ல, புது போனுக்கும் இல்ல, பணம் மட்டும் போயிருக்கு. தானா எதுவும் நிக்காது, தானா எதுவும் மாறாது. தயவுசெஞ்சு இதை மட்டுமாவது மனசுல வச்சுக்கோங்க.

அடுத்தது, "கையெழுத்து போட்டாச்சு, போனது போனதுதான்"னு விட்டுடறது. அப்படி இல்லவே இல்ல. இது கட்டாயம்னு சொல்லி வித்திருந்தா, கேக்காமலே பில்லுல சேர்த்திருந்தா, உங்க பேங்க் அக்கவுண்ட்லயோ வீட்டு இன்சூரன்ஸ்லயோ ஏற்கனவே அதே கவர் இருக்கான்னு விசாரிக்காம தலையில கட்டியிருந்தா, கேக்கிறதுக்கு உங்களுக்கு நியாயம் இருக்கு. ஒரே நஷ்டத்துக்கு ரெண்டு பாலிசி இருந்தாலும் ரெட்டிப்பா பணம் வராது, அதனால ரெண்டாவது பாலிசி அனேகமா வீண் செலவுதான். பிரிட்டன்ல 2019 மார்ச்ல கார்போன் வேர்ஹவுஸ்ங்கிற போன் விக்கிற கம்பெனிக்கு 2.91 கோடி பவுண்டு அபராதம் போட்டாங்க, காரணம் இதேதான். 2008 டிசம்பர்லேர்ந்து 2015 ஜூன் வரைக்கும் போன் இன்சூரன்ஸை வித்த விதம் தப்பு, வாங்கறவருக்கு ஏற்கனவே கவர் இருக்கான்னு பாக்கறதுக்கு ஊழியர்களுக்கு சரியா பயிற்சியே கொடுக்கலைன்னு அங்க உள்ள நிதி கண்காணிப்பு அமைப்பு சொல்லிச்சு. 2014 ஜனவரியில பாத்தா 35 சதவீத பாலிசிகளை வாங்கினவங்க மூணு மாசத்துக்குள்ளயே கேன்சல் பண்ணியிருக்காங்க. அதனால ஏமாந்தது நீங்க மட்டும்னு கூச்சப்பட வேண்டாம்.

சரி, என்ன செய்யணும். ஸ்டேட்மெண்ட்ல "மொபைல் இன்சூரன்ஸ்"னு தேடாதீங்க, பல நேரம் கடை பேரும் இருக்காது, போன் பேரும் இருக்காது, பாலிசியை நிர்வாகம் பண்ற ஏதோ ஒரு கம்பெனி பேருதான் இருக்கும். மாசாமாசம் ஒரே தொகை போற வரியைப் பிடிங்க. மெயில்ல பாலிசி, பிரீமியம்னு தேடினா பழைய சர்டிபிகேட் கிடைக்கும், அதுல உள்ள ஐ.எம்.இ.ஐயும் இப்ப கையில உள்ள போன்ல *#06# அடிச்சா வர்றதும் ஒண்ணான்னு பாருங்க. அப்புறம் எழுதுங்க. போன்ல பேசி "சரிங்க சார்"னு வாங்கிட்டு வந்ததை அப்புறம் நிரூபிக்கிறது கஷ்டம். கேன்சல் பண்ணுங்க, இந்த தேதிலேர்ந்து போன் என்கிட்ட இல்ல, கட்டின பணத்தைத் திருப்பிக் கொடுங்கன்னு மூணையும் ஒரே மெயில்ல எழுதி, போனை வித்த ரசீது இருந்தா சேர்த்து அனுப்புங்க. அதுக்கு அப்புறம் பேங்க்ல ஆட்டோ டெபிட்டை நிறுத்துங்க. நிறைய பேர் தலைகீழா பண்றாங்க, பேங்க்ல மட்டும் நிறுத்திட்டு கம்பெனிக்குச் சொல்லவே மாட்டாங்க, அப்புறம் பாக்கின்னு நோட்டீஸ் வரும்போது இங்க ஓடி வருவாங்க.

இந்தியாவுல இருக்கிறவங்களுக்கு, இங்க இன்சூரன்ஸைக் கண்காணிக்கிற ஐ.ஆர்.டி.ஏ.ஐ அமைப்பு 2024 ஜூன்ல போட்ட சுற்றறிக்கைப்படி ஜெனரல் இன்சூரன்ஸ் (ஆயுள் காப்பீடு இல்லாத, போன் மாதிரி பொருளுக்கான இன்சூரன்ஸ்) பாலிசியைக் காரணமே சொல்லாம எப்ப வேணா கேன்சல் பண்ணலாம், ஒரு வருஷ பாலிசியில க்ளெய்ம் எடுக்கலைன்னா மீதி காலத்துக்கான பிரீமியத்தை விகிதப்படி திருப்பித் தரணும். ஆனா உங்க கையில இருக்கிறது நிஜமாவே இன்சூரன்ஸா, இல்ல கடைக்காரர் வித்த "ப்ரொடெக்‌ஷன் ப்ளான்"ங்கிற சர்வீஸ் ஒப்பந்தமான்னு முதல்ல பாருங்க, ரெண்டாவதா இருந்தா இன்சூரன்ஸ் புகாரை விசாரிக்கிற ஆம்புட்ஸ்மேன் அதை எடுத்துக்க மாட்டாங்க, நுகர்வோர் உதவி எண் 1915 பக்கம் போகணும். பிரிட்டன்ல கம்பெனிக்கு 8 வாரம் அவகாசம், பதில் திருப்தியா இல்லைன்னா 6 மாசத்துக்குள்ள ஃபைனான்ஷியல் ஆம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம், காசு வாங்க மாட்டாங்க. அங்க பொதுவா சம்பவம் நடந்து 6 வருஷம், இல்ல உங்களுக்குத் தெரியவந்து 3 வருஷம், இதுல எது பின்னாடி வருதோ அதுக்குள்ள புகார் கொடுத்திருக்கணும்.

கமிஷன் எடுத்துக்கிட்டு வாங்கித் தர்றேன்னு வர்றவங்களுக்கு ஒண்ணும் கொடுக்காதீங்க, இது நீங்களே எழுதற ஒரு மெயில்தான். "உங்க இன்சூரன்ஸ் ரீஃபண்ட் ரெடி, ஓ.டி.பி சொல்லுங்க"ன்னு போன் வந்தா பேசாம கட் பண்ணுங்க, பணம் திருப்பித் தர யாருக்கும் உங்க ஓ.டி.பி தேவையில்ல.

இன்னொண்ணு, க்ளெய்ம் ஏதாவது பாதியில நின்னா அது முடியற வரைக்கும் கேன்சல் பண்ணாதீங்க. புது போனுக்கு இன்சூரன்ஸ் வேணும்னு தோணினா, அதே பாலிசியில ஐ.எம்.இ.ஐ மாத்தித் தருவீங்களான்னு எழுதிக் கேளுங்க, மாத்தின சர்டிபிகேட் கைக்கு வந்த பிறகு அடுத்த பிரீமியம் போகட்டும்.