ஃபெல்லோஷிப் கிடைத்ததும் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள்

ஒரே ஆய்வகம், ஒரே பேராசிரியர், பக்கத்துப் பக்கத்து மேசை. இருவரும் போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பின் ஆய்வு செய்பவர்கள். ஆனால் ஒருவர் பல்கலைக்கழக ஊழியர், மற்றவர் ஊழியரே இல்லை. வேலை ஒன்றுதான், பணம் வரும் வழிதான் வேறு.

அமெரிக்காவில் பேராசிரியரின் ஆய்வு நிதியிலிருந்து சம்பளம் வாங்குபவர் பொதுவாக ஊழியர். அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு நிறுவனமான என்.ஐ.எச். போஸ்ட்டாக்குகளுக்கு வழங்கும் எஃப்32 ஃபெல்லோஷிப்பைப் போட்டியிட்டு வென்றவரோ பயிற்சியாளர். அவருக்கு வருவது உதவித்தொகை. வென்றவருக்குத்தான் சலுகை குறைகிறது!

ஊழியராகச் சேர்ந்து நடுவில் ஃபெல்லோஷிப்புக்கு மாறுகிறவர்கள்தான் அதிகம் சிக்குகிறார்கள். மாறிய மாதச் சீட்டில் சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) பிடித்தங்கள் இருக்காது. 7.65 சதவீதம் மிச்சம் என்று தோன்றும். ஆனால் அந்த உதவித்தொகை, அரசு ஓய்வூதியத் தகுதிக்கு வேலை செய்து ஈட்ட வேண்டிய 40 கிரெடிட் கணக்கில் சேராது. வருமான வரியும் ஒழிந்துவிடவில்லை, பிடித்துக் கட்ட ஆளில்லை, அவ்வளவுதான். ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி என நான்கு தவணைகளில் நீங்களே கட்ட வேண்டும். ஆண்டு முடிவில் மொத்தமாகக் கட்டிக்கொள்ளலாம் என்று இருந்தால் அபராதம் வரக்கூடும். ஒவ்வொரு மாதமும் தொகை வந்தவுடனே வரிக்கென ஒரு பங்கைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவிடுவது நல்லது.

நிறுவனத்தின் ஓய்வூதியத் திட்டத்திலிருந்தும் பெரும்பாலும் வெளியே வந்துவிடுவீர்கள். ஆனால் 2020 முதல், வரிக்கு உட்பட்ட ஃபெல்லோஷிப் தொகையைக் காட்டி ஐ.ஆர்.ஏ. என்ற தனிநபர் ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கில் பணம் போடலாம். இது பலருக்கும் தெரிவதில்லை.

எஃப்32-இல் இன்னொரு நிபந்தனை உண்டு. முதல் 12 மாத உதவிக்கு ஈடாக ஆய்வோ கற்பித்தலோ செய்து தீர்க்க வேண்டும். இரண்டாம் ஆண்டும் அதிலேயே தொடர்ந்தால் முதலாண்டுக் கடன் கழிந்துவிடும். ஓராண்டோடு கிளம்ப நினைப்பவர்கள் கணக்குப் பார்த்துக்கொள்ளவும்.

ஐரோப்பாவின் மேரி க்யூரி ஃபெல்லோஷிப்பில் நிலைமை தலைகீழ்: பொதுவாக வேலை ஒப்பந்தமும் சமூகக் காப்பும் கட்டாயம். ஆனால் அறிவிப்பில் உள்ள தொகை கைக்கு வருவதல்ல. சமூகக் காப்புக்கு நிறுவனம் கட்டவேண்டிய பங்கும் அதிலிருந்தே கழியும்.

எந்த நாடானாலும், கையெழுத்திடும் முன் மனிதவளத் துறைக்கு மின்னஞ்சலில் கேளுங்கள்: தருவது பணி நியமனமா, விருதுக் கடிதம் மட்டுமா? பழைய மருத்துவக் காப்பீடு என்று முடிகிறது, புதியது என்று தொடங்குகிறது? மகப்பேறு விடுப்பில் தொகை வருமா? பகுதி நியமனத்தை வைத்துக்கொண்டு மீதியை ஃபெல்லோஷிப்பில் பெற முடியுமா? இந்தக் கடைசிக் கேள்விக்குச் சில இடங்களில் வழி உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள். பேராசிரியர் வாய்மொழியாகச் சொல்வது போதாது. ஆய்வகத்துக்கு வெளியே உள்ள விதிகள் அவருக்கே பல சமயம் தெரியாது.