நீர் குணப்படுத்தியது, நீருக்குள் இருந்தது அல்ல

பாத் நகரில் 1761-ல் வரையப்பட்ட ஓர் ஓவியம் இருக்கிறது. வரைந்தவர் வில்லியம் ஹோர். வில்லியம் ஆலிவர் என்ற மருத்துவரும் பியர்ஸ் என்ற அறுவை மருத்துவரும் நோயாளிகளைப் பரிசோதிக்கும் காட்சி அது. வாதத்தால் கைகால் விழுந்தவர், மூட்டுவலிக்காரர், தோல் நோய் கண்டவர் என மூன்று வகை நோயாளிகள். மூவருக்கும் அந்த ஊர் மருத்துவமனை வைத்திருந்த முதல் மருந்து ஒன்றுதான்: வெந்நீர்.

இங்கிலாந்தின் தென்மேற்கில் இருக்கும் இந்த ஊருக்குப் பெயரே 'குளியல்'. நம் ஊர்ப் பலகைகளில் பார்க்கும் 'ஸ்பா' என்ற சொல்லும் ஓர் ஊரின் பெயர்தான். அது பெல்ஜியத்தில் இருக்கிறது. இப்படித் தாது நீர் ஊற்றைச் சுற்றி வளர்ந்த 11 ஐரோப்பிய ஊர்களை யுனெஸ்கோ 2021-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பாத், ஸ்பா, கார்லோவி வாரி, விஷி, பாடன்-பாடன் எல்லாம் அதில் அடக்கம். ஒரு காலத்தில் அரசர்களும் கவிஞர்களும் பிச்சைக்காரர்களும் ஒரே நம்பிக்கையோடு இந்த ஊர்களைத் தேடிப் போனார்கள்.

அந்த நம்பிக்கையில் ஏதாவது உண்மை இருந்ததா? மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் பாத் மருத்துவமனை விட்டுச்சென்ற பதிவேடுகளைப் பற்றிப் படித்த பிறகு என்னால் அப்படி ஒதுக்க முடியவில்லை.

முதலில் அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பாத்துக்கு அருகே எரிமலை எதுவும் இல்லை. தெற்கே மெண்டிப் குன்றுகள் இருக்கின்றன, அவ்வளவுதான். அங்கே பெய்யும் மழை சுண்ணாம்புப் பாறையின் விரிசல்கள் வழியே கீழே இறங்குகிறது. 2,700 மீட்டரிலிருந்து 4,300 மீட்டர் வரை இறங்குவதாக மதிப்பிடுகிறார்கள். பூமிக்குள் போகப் போகச் சூடு ஏறும். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 25 டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். அடியில் கிடக்கும் நீரைக் கொதிநிலைக்குப் பக்கத்தில் கொண்டுபோக அதுவே போதும்.

சரி, அது ஏன் மேலே ஏற வேண்டும்? மாடியில் தண்ணீர்த் தொட்டி இருந்தால் கீழ்வீட்டுக் குழாயில் நீர் பீய்ச்சுகிறதல்லவா, அதே விதிதான். மழை இறங்கும் குன்று உயரத்தில் இருக்கிறது. பாத் பள்ளத்தில் இருக்கிறது. மேலே நிற்கும் நீர் கீழே உள்ள நீரைத் தள்ளுகிறது. சூடான நீர் குளிர்ந்த நீரைவிட லேசானது என்பதும் உதவுகிறது. பாறை பிளந்த ஒரு பிளவு பாத்துக்கு நேர் கீழே இருப்பதால், ஆறிப்போக நேரமில்லாமல் நீர் விரைந்து மேலே வந்துவிடுகிறது. வெளியே வரும்போது சுமார் 46 டிகிரி. நாளொன்றுக்கு 11 லட்சம் லிட்டருக்கு மேல். இன்று குமிழியிட்டு வரும் நீர் மழையாகப் பெய்து பல ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன.

ரோமானியர்கள் முதல் நூற்றாண்டில் இங்கே வந்தபோது ஊற்று ஒரு சதுப்புக்குள் குமிழியிட்டுக்கொண்டிருந்தது. சேற்றில் ஓக் மரத் தூண்களை அடித்து இறக்கி, ஊற்றைச் சுற்றிக் கல் தொட்டி கட்டினார்கள். பக்கத்தில் சூலிஸ் மினர்வா என்ற தெய்வத்துக்குக் கோயில். பெரிய குளியல் தொட்டியின் அடியில் நீர் கசியாமல் இருக்க 45 காரீயத் தகடுகளைப் பதித்தார்கள். அவை இன்றும் அங்கேயே இருக்கின்றன. உபரி நீரை ஆற்றுக்குக் கொண்டுபோக அவர்கள் கட்டிய வடிகாலும் இன்றுவரை வேலை செய்கிறது.

ஊற்றுக்குள்ளிருந்து சுமார் 130 சாபத் தகடுகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். குளிக்கும்போது துணியையோ பொருளையோ பறிகொடுத்தவர்கள், திருடனைத் தண்டிக்கச் சொல்லி உலோகத் தகட்டில் எழுதி, சுருட்டி, தெய்வத்திடம் போட்டவை. டோசிமெடிஸ் என்ற ஒருவர் இரண்டு கையுறைகளைத் தொலைத்துவிட்டு, எடுத்தவனுக்குப் புத்தியும் கண்ணும் போகட்டும் என்று வேண்டியிருக்கிறார். ரோமப் பேரரசைப் பற்றிய எத்தனையோ கல்வெட்டுகளைவிட இந்தக் கையுறைக்காரர்தான் எனக்கு நெருக்கமாகத் தெரிகிறார்.

பிறகு பல நூற்றாண்டுகள் ஊர் சிறிதாகவே இருந்தது. ஊற்றின் மேல் 'அரசர் குளியல்' என்ற தொட்டி கட்டப்பட்டது. அதன் சுவரில் கல் இருக்கைகள் உண்டு. அதில் உட்கார்ந்தால் நீர் கழுத்துவரை நிற்கும். குணமானவர்கள் நன்றிக்கடனாகப் பதித்த உலோக வளையங்களும் அங்கே இருக்கின்றன. கழுத்துவரை நீர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1702-ல் ஆன் அரசி வந்து போனதும் கதை மாறியது. சில ஆயிரம் பேர் வாழ்ந்த ஊர், அந்த நூற்றாண்டு முடிவதற்குள் 30,000 பேரைத் தாண்டியது. பணக்காரர்கள் வந்தால் பின்னாலேயே ஏழை நோயாளிகளும் வந்தார்கள். அவர்களுக்காக 1742-ல் ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. அதன் விதிமுறைகள் விசித்திரமானவை. உள்ளூர் ஏழைகளுக்கு அங்கே இடமில்லை, வெளியூர்க்காரர்களுக்கு மட்டும்தான். சேரும்போதே ஒரு முன்பணம் கட்ட வேண்டும்: குணமானால் ஊர் திரும்பும் செலவுக்கு, இறந்தால் அடக்கச் செலவுக்கு. நோயாளிகள் பித்தளை வில்லை அணிய வேண்டும். வில்லை போட்டவருக்கு மதுக்கடையில் சரக்கு ஊற்றக்கூடாது.

இவற்றையெல்லாம்விட முக்கியமான பழக்கம் ஒன்று அந்த மருத்துவமனைக்கு இருந்தது. ஒவ்வொருவரும் என்ன நோயோடு வந்தார், எப்படி வெளியே போனார் என்று எழுதி வைத்தார்கள். குணம், நன்றாகத் தேறினார், தேறினார், மாற்றமில்லை, இறந்தார். அந்தக் காலத்தில் இப்படி முறையாக எழுதி வைத்த இடங்கள் குறைவு.

அந்த ஏடுகளில் மீண்டும் மீண்டும் ஒரு வகை நோயாளி வருகிறார். இரண்டு கைகளையும் முன்னே நீட்டச் சொன்னால் மணிக்கட்டு தூக்க வராமல் தொங்கிப்போகும். வயிற்றில் முறுக்கும் வலி. அதிகம் பேர் பெயின்டர்கள், குழாய் வேலை செய்பவர்கள். இது காரீய நஞ்சு. (நம் வீட்டில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம், அது வேறு உலோகம்.) அந்நாளில் வண்ணப்பூச்சு, குழாய், மண்பாண்டத்தின் மெருகு எங்கும் காரீயம் இருந்தது. குடிக்கும் மதுவிலும் இருந்தது. டெவன் பகுதியில் ஆப்பிள் மது குடித்தவர்களுக்கு வந்த வயிற்றுவலிக்கு, ஆப்பிள் பிழியும் பொறியில் இருந்த காரீயம்தான் காரணம் என்று ஜார்ஜ் பேக்கர் என்ற மருத்துவர் 1767-ல் வேதிச் சோதனை செய்து காட்டினார்.

காரீய நஞ்சுக்கு அன்று மருந்து எதுவும் இல்லை. ஆனாலும் பாத்துக்கு வந்த காரீய வாதக்காரர்களில் பெரும்பாலோர் ஓரளவாவது தேறித்தான் போனார்கள். மற்ற வாத நோயாளிகளைவிட இவர்கள் நன்றாகத் தேறுகிறார்கள் என்பதை அங்கிருந்த மருத்துவர்களே கவனித்து எழுதினார்கள். நீரிலுள்ள தாதுக்களின் மகிமை என்று நினைத்தார்கள். சில மாதம் வேலையை விட்டு விலகி இருந்ததால் தேறியிருப்பார்கள் என்று பிற்காலத்தவர்கள் நினைத்தார்கள். இரண்டுமே முழு விடை இல்லை.

விடை நீரின் எடையில் இருக்கிறது. ஒரு மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் சுமார் 74 மில்லிமீட்டர் பாதரசம். ரத்த அழுத்தம் பார்க்கும்போது சொல்கிறார்களே, அதே அளவுகோல்தான். நாம் நிற்கும்போதோ உட்காரும்போதோ ரத்தத்தில் ஒரு பங்கு காலின் சிரைகளில், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்களில், தேங்கி நிற்கும். சிரைகளின் சுவர் மெல்லியது. கழுத்துவரை நீரில் அமர்ந்தால், வெளியே இருந்து அழுத்தும் நீர் அந்தச் சுவர்களை நெருக்கி ரத்தத்தை மேலே தள்ளுகிறது. ஏறக்குறைய 700 மில்லிலிட்டர் ரத்தம் நெஞ்சுக்குள் கூடுதலாகச் சேர்கிறது.

இதயத்துக்கு இது குளியல் என்று தெரியாது. மேலறைகள் விரிவதை மட்டுமே அது உணர்கிறது. உடம்பில் நீர் அதிகமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறது. இதயம் வெறும் பம்பு இல்லை, ஹார்மோன் சுரக்கும் உறுப்பும்கூட என்பதே நமக்கு 1981-ல்தான் தெளிவானது. அடோல்ஃபோ டி போல்ட் என்பவரின் குழு எலியின் இதய மேலறைத் திசுவைச் சாறெடுத்து வேறு எலிகளுக்குச் செலுத்தியது. அவற்றின் சிறுநீரும் அதில் போகும் உப்பும் சட்டென்று கூடின. மேலறை விரியும்போது வெளியாகும் அந்தப் பொருள், உப்பையும் நீரையும் வெளியே தள்ளு என்று சிறுநீரகத்துக்குச் சொல்கிறது. நீரைச் சேமிக்கச் சொல்லும் ஹார்மோன்களும் அதே நேரத்தில் அடங்குகின்றன. நீச்சல் குளத்தில் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் சிறுநீர் முட்டுகிறதே, அதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வெளியேறுவது நீரும் உப்பும் மட்டும் அல்ல. 1980-களில் பிரிஸ்டல் மருத்துவர்கள் சிலர் பாத்தின் பழைய ஏடுகளைப் படித்துவிட்டு, அதைச் சோதித்தே பார்த்தார்கள். காரீயத்தோடு வேலை செய்தவர்களைக் கழுத்தளவு வெதுவெதுப்பான நீரில் மணிக்கணக்கில் உட்கார வைத்தார்கள். சிறுநீரில் போகும் காரீயம் கூடியது. சூலிஸ் தெய்வத்தின் நீராக இருந்தாலும் ஊர்க் கிணற்று நீராக இருந்தாலும் அழுத்தம் ஒன்றுதான்.

ஏன் மாதக்கணக்கில் தங்க வேண்டியிருந்தது என்பதும் இப்போது விளங்கும். உடம்பில் சேரும் காரீயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எலும்பில் போய் ஒளிந்துகொள்கிறது. ரத்தத்தில் இருப்பதை வெளியேற்றினால், எலும்பிலிருந்து மெல்ல மெல்ல இன்னும் கொஞ்சம் வரும். ஒரு வாரக் குளியலில் தீரும் கணக்கு இல்லை அது. வேலையிடத்துக் காரீயம் நின்றது. பித்தளை வில்லையின் புண்ணியத்தில் மதுவிலிருந்த காரீயமும் நின்றது. குடித்த ஊற்று நீரில் சுண்ணாம்புச் சத்தும் இரும்பும் இருந்தன. இந்த இரண்டும் குறைவாக உள்ள உடம்பு காரீயத்தை அதிகமாக உறிஞ்சும் என்பதால், அதுவும் ஓரளவு உதவியிருக்கலாம்.

இந்த நோய்க்கு நீர் வேலை செய்தது என்பதால் எல்லா நோய்க்கும் செய்தது என்று சொல்ல வரவில்லை. தொழுநோய் தீரும் என்றார்கள், மலட்டுத்தன்மை தீரும் என்றார்கள். அவற்றுக்கெல்லாம் ஆதாரம் இல்லை.

குடிக்கும் வைத்தியம் தனிக் கதை. எப்சம் என்ற ஊரில் கசப்பான ஊற்று ஒன்று 17-ஆம் நூற்றாண்டில் பெயர் பெற்றது. அந்த நீரைக் காய்ச்சினால் கிடைப்பது மெக்னீசியம் சல்பேட். நம் வீடுகளில் அதற்குப் பேதி உப்பு என்று பெயர். அதன் வேலை பெயரிலேயே இருக்கிறது. குடல் இந்த உப்பைச் சரியாக உறிஞ்சாது. அது குடலுக்குள்ளேயே தங்கி நீரைத் தன்பக்கம் பிடித்து வைத்துக்கொள்ளும். செக் நாட்டுப் பொஹீமியாவின் கார்ல்ஸ்பாத், அதாவது இன்றைய கார்லோவி வாரி, ஊற்றில் இருக்கும் சோடியம் சல்பேட்டும் இதே வேலையைச் செய்கிறது. 72 டிகிரிச் சூட்டில் பீய்ச்சி அடிக்கும் அந்த ஊற்று நீரில் லிட்டருக்கு 6 கிராமுக்கு மேல் உப்புகள் கரைந்திருக்கின்றன. தோல் உரியும்வரை நாளெல்லாம் தொட்டியில் ஊறிக்கிடந்த நோயாளிகளை எழுப்பி, நீரைக் குடித்துவிட்டு நடங்கள் என்று சொன்னவர் டேவிட் பெஹர் என்ற 18-ஆம் நூற்றாண்டு மருத்துவர். அந்த ஊரின் நீண்ட தூண் மண்டபங்கள் எல்லாம் மழையிலும் குடித்துக்கொண்டே நடப்பதற்காகக் கட்டியவை. தின்று பெருத்த மனிதர்களுக்கு நடையும் பத்தியமும் பேதியும் நல்லதைச் செய்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஊற்று நீரில் எழும் குமிழியின் ரகசியத்தைத் தேடியவர்களால் நமக்கு சோடா கிடைத்தது. நீரில் கரியமில வாயுவைச் செலுத்தும் முறையை ஜோசஃப் பிரீஸ்ட்லி 1772-ல் வெளியிட்டார். அடுத்த நூறு ஆண்டில், 1872-ல், ஹைரம் காட் கண்ணாடிக் கோலி அடைத்த புட்டியைக் கொண்டுவந்தார். நம் ஊர்க் கோலி சோடாவின் மூதாதை அந்தப் புட்டிதான். ரேடியம் கண்டுபிடிக்கப்பட்டதும் ஊற்றுகளின் சக்தி கதிரியக்கத்தில் இருக்கிறது என்று நம்பினார்கள். கார்லோவி வாரிக்குப் பக்கத்திலுள்ள யாகிமோவ் சுரங்க ஊரில் 1906-ல் அதற்கென்றே குளியல் மனை தொடங்கியது.

நீருக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வி பாத்துக்கும் திரும்பி வந்தது, வேறொரு விதத்தில். 1978-ல் அங்கே குளித்த ஒரு சிறுமி மூளைக்காய்ச்சலில் இறந்தாள். காரணம் நெக்லேரியா ஃபௌலெரி என்ற அமீபா. வெதுவெதுப்பான நன்னீரில் வாழும். மூக்கின் வழியே மூளைக்குப் போகும். இரண்டாயிரம் ஆண்டுகளாக மனிதர்கள் இறங்கிய நீரில் இனி யாரும் இறங்கக்கூடாது என்று மூடினார்கள். ஆழத்திலிருந்து வரும் நீர் சுத்தமாகவே இருந்தது. மேற்பரப்புக்கு அருகில்தான் கிருமி சேர்ந்தது. அதனால் 1983-ல் புதிதாக ஆழ்துளை இட்டு, மேல்மண்ணைத் தொடாமல் நீரை எடுத்தார்கள். அந்த நீரில் பொதுமக்கள் குளிக்க 2006-ல் புதிய குளியல் மனை திறந்தது. ரோமானியத் தொட்டியில் இறங்க இன்றும் அனுமதி இல்லை. கூரை போய்விட்டதால் வெயில் பட்டுப் பாசியால் பச்சையாகி, நீர் ஆவி பறக்க அங்கே நின்றுகொண்டிருக்கிறது. அடியில் அந்த 45 காரீயத் தகடுகள்.