சிரிஞ்சுக்குள் மிஞ்சும் துளி

சிரிஞ்சின் தண்டை அடிவரை அழுத்தினாலும் அது முற்றாகக் காலியாவதில்லை. ஒருவர் பாவித்ததை இன்னொருவர் பாவிக்கும்போது தொற்றைக் கொண்டுபோவது அந்த மிச்சம்தான். ஊசியைத் தனியாகக் கழற்றக்கூடிய வகைச் சிரிஞ்சில், தண்டின் முனைக்கும் ஊசியின் அடிக்கும் நடுவிலுள்ள குழியில் ஏறத்தாழ 0.08 மில்லிலீற்றர் தங்கிவிடும். ஊசி நிரந்தரமாகப் பொருத்தப்பட்ட இன்சுலின் சிரிஞ்சில் தங்குவது 0.002 மில்லிலீற்றர்தான். ஈரலைத் தாக்கும் ஹெபற்றைற்றிஸ் சி தொற்று உள்ளவரின் இரத்தத்தில் மில்லிலீற்றருக்கு 10 இலட்சம் வைரஸ் இருப்பது புதுமையல்ல. மிஞ்சியது முழுவதும் இரத்தமென்றே வைத்துக்கொண்டால் முதலாவதில் 80,000, இரண்டாவதில் 2,000. தண்ணீரால் அலசினால் சரியாகிவிடும் என்று நினைக்கவேண்டாம். ஒவ்வொரு அலசலிலும் பெரிய குழிதான் அதிகம் பிடித்துவைக்கும். இரண்டுக்குமான வித்தியாசம் ஆயிரம் மடங்குவரை போகும். கழற்றும் வகைச் சிரிஞ்சுகளில் இந்த வைரஸ் 63 நாள்வரை தொற்றும் வலுவோடு இருந்ததை ஆய்வுகூடத்தில் கண்டிருக்கிறார்கள். எச்.ஐ.வி. வெக்கையில் நிலைப்பது குறைவு. திருகோணமலை வெயில் அந்தளவுக்கு நமக்கு உதவி.

போதைப்பொருளை ஊசியால் ஏற்றுபவர்களுக்குப் பாமசி மூலம் புது ஊசி கொடுத்துப் பழையதை மீளப்பெறும் ஊசிப் பரிமாற்றச் சேவை குறிவைப்பது இந்தத் துளியைத்தான். ஊசிப் பரிமாற்றம் 1984இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கியது. அதே காலத்தில் ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் நேர்மாறாக நடந்தது. ஊசி விற்பதைப் பாமசிகள் நிறுத்தின, அகப்பட்ட ஊசியைப் பொலிஸ் பறித்தது, இருந்ததைப் பலர் பகிர்ந்தார்கள். அங்குள்ள ஒரு மருத்துவ நிலையத்தில் சோதிக்கப்பட்ட பாவனையாளர்களில் 51 வீதத்தினருக்கு எச்.ஐ.வி. இருந்ததாக 1986இல் ஆய்வு வெளியானது. ஊசியை மறைத்தால் பழக்கம் நின்றுவிடும் என்று இன்றும் வாதாடுபவர்களுக்கு இதற்கு மேல் என்ன சொல்வது?

பிரித்தானியப் பாமசிகளில் வேலை இப்படி நடக்கும். வருபவரிடம் முழுப்பெயர் கேட்பதில்லை. பெயரின் முதலெழுத்துகளும் பிறந்த திகதியும் போதும். கட்டித் தயாராக வைத்த பொதிக்குள் 1 மில்லிலீற்றர் சிரிஞ்சுகள், வடிகட்டி, மதுசாரம் தோய்ந்த துடைப்பான், கூர்ப்பொருள் போடும் சிறு பெட்டி என்பன இருக்கும். நிரம்பிய பெட்டியைப் பணியாளர் கையால் தொடுவதில்லை. கொண்டுவந்தவரே பெரிய தொட்டிக்குள் போடவேண்டும். திறந்து எண்ணிப்பார்ப்பதும் இல்லை.

பழையது ஒன்று தந்தால்தான் புதியது ஒன்று என்ற கறார் முறை கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் பொலிஸுக்குப் பயந்து பழையதை வழியிலேயே வீசியவர் வெறுங்கையோடு திரும்பி, அன்றிரவு வேறொருவருடையதைக் குத்துவார். ஊசி ஏற்றும் ஒருவருக்கு 2030இல் ஆண்டுக்கு 300 ஊசி என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்த இலக்கு. ஒன்றுக்கு ஒன்று என்று கையை இறுக்கினால் அது எட்டாது. சேவை தோற்கும் இன்னோர் இடம் கௌண்டர். வரிசையில் பின்னால் நிற்பது பெரியம்மா என்றால் யார் வாய் திறந்து கேட்பார்? ஒதுக்கமான ஒரு மூலையாவது வேண்டும்.

இலங்கையில் கதை வேறு. இங்கே ‘குடு’ எனப்படும் ஹெரோயினை ஈயத்தாளில் சூடாக்கிப் புகையாக இழுப்பதுதான் பெருவழக்கம். ஊசியால் ஏற்றுபவர்கள் சிலரே. பிரித்தானியாவிலோ ஊசியிலிருந்து புகைக்குத் திருப்புவதற்காக, சேவை நிலையங்கள் ஈயத்தாள் கொடுப்பதை 2014இல் சட்டபூர்வமாக்கினார்கள். அவர்கள் ஆட்களைக் கொண்டுபோக நினைக்கும் இடத்தில் நம்மவர் ஏற்கெனவே நிற்கிறார்கள். கவனிக்கவேண்டியது எதிர்த்திசை மாற்றம்: சரக்குத் தட்டுப்பாடாகி விலை ஏறினால், குறைந்த அளவில் கூடிய போதை தேடி ஊசிக்குத் தாவுவது பல நாடுகளில் கண்டது. இன்சுலின் சிரிஞ்சை யார் வாங்குகிறார், எப்போதிருந்து அதிகம் கேட்கிறார் என்பது மருந்தாளர் கண்ணில்தான் முதலில் படும். வாங்க வருபவரைத் துரத்தாமல் விற்பதே உத்தமம்.

இப்போதைக்குத் திருகோணமலையில் வீட்டுக் குப்பைக்குப் போகும் ஊசி பெரும்பாலும் சீனி வருத்தக்காரருடையது. மூடி கழன்ற இன்சுலின் ஊசி மீன்செதிலோடும் தேங்காய்த் துருவலோடும் ஒரே பையில் கிடக்கும். பிரெட்ரிக் கோட்டைப் பக்கமிருந்து ஊருக்குள் வரும் புள்ளிமான்கள் பையைக் கிழிக்கும். மிச்சத்தைச் சுத்திகரிப்புத் தொழிலாளி கையால் அள்ளுவார். தடுப்பூசி போடாதவருக்கு, தொற்றுள்ள ஊசி குத்தினால் ஹெபற்றைற்றிஸ் பி பரவும் வாய்ப்பு 6 முதல் 30 வீதம், எச்.ஐ.வி.க்கு அது 0.3 வீதம். நம் நாட்டில் குழந்தைகளுக்கு ஹெபற்றைற்றிஸ் பி தடுப்பூசி வரத்தொடங்கியதே 2003இல்தான். நடுத்தர வயதுத் தொழிலாளிகள் பலருக்கு அது கிடைத்திராது.

பாவித்த ஊசியைப் போட்டுவைக்கத் தண்ணீர்ப் போத்தல் உதவாது, மெல்லிய பிளாஸ்ரிக்கை ஊசி துளைத்துவிடும். சலவைத் திரவம் வரும் தடித்த போத்தல், திருகு மூடியோடு, பொருத்தம். குத்திய கையோடு உள்ளே போடவேண்டும். மூடியைத் திரும்பப் பொருத்தப்போய்த்தான் பலர் விரலைக் குத்திக்கொள்கிறார்கள். முக்கால் பங்கு நிரம்பியதும் மூடி இறுக்கி, ரேப் ஒட்டி, ‘ஊசி’ என்று எழுதி, கிளினிக்குக்குப் போகும் நாளில் அங்கே பொறுப்பெடுப்பார்களா என்று தாதியிடம் கேளுங்கள். வைத்தியசாலைகளில் கூர்ப்பொருளுக்கென்றே சிவப்புக் கோடிட்ட மஞ்சள் பெட்டி இருக்கிறது. பாமசியிலும் அப்படியொன்றை வைத்து, கழிவை எரிக்கும் உலை உள்ள வைத்தியசாலையோடு ஒழுங்கு செய்துகொண்டால், நாளைக்கு ஊசிப் பரிமாற்றம் தேவைப்பட்டாலும் அதே பெட்டி போதும்.

பாவித்த ஊசி தவறிக் குத்திவிட்டால் பிதுக்கவோ உறிஞ்சவோ கூடாது. ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகவேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கவேண்டும். சில மணித்தியாலத்துக்குள்ளேயே தொடங்கினால் இன்னும் நல்லது.