இன்ஜெக்டர்: உட்செலுத்தியா, பீச்சியா?

மாதவரம், மணலி பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளில், எஞ்சினுக்கு எரிபொருள் செலுத்தும் இந்த ஒரே உறுப்புக்கு இரண்டு பெயர் புழங்குகிறது. பெட்ரோல் காரில் இருந்தால் இன்ஜெக்டர், டீசல் வண்டியில் இருந்தால் நாசில். நாசில் என்பது ஆங்கிலத்தில் மூக்கைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. கெண்டிக்கு மூக்கு உண்டென்று நாமும் சொல்வதுதான். சரியாகப் பார்த்தால் நாசில் என்பது இன்ஜெக்டரின் நுனி மட்டுமே. நுனியின் பெயர் முழு உறுப்புக்கும் ஆகிவிட்டது.

இன்ஜெக்டர் என்ற சொல்லின் வேர் லத்தீன். 'இயாக்கெரெ' என்றால் எறிதல். 'இன்' முன்னால் சேர்ந்தால் உள்ளே எறிதல். ஆஸ்பத்திரியில் போடும் இன்ஜெக்‌ஷனும் அதே வேர்தான். இயந்திர உலகில் இந்தப் பெயரை நிலைநாட்டியவர் பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்றி ஜிஃபார். நீராவிக் கொதிகலனுக்குள் தண்ணீர் செலுத்தும் கருவியை அவர் 1858இல் கொண்டுவந்தார். ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பி அப்போது இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆக, பெட்ரோல் காருக்கு வெகு முன்பே இது ரயில் எஞ்சின்காரர்களின் சொல். ஜிஃபாரின் கருவியில் நீராவியின் வேகமே தண்ணீரை உள்ளே எறிந்தது, அசையும் பாகம் என்று ஒன்றும் தேவைப்படவில்லை. இன்றைய கார் இன்ஜெக்டர் எதையும் எறிவதில்லை. அழுத்தம் தருவது பம்ப். இன்ஜெக்டர், எஞ்சினின் கணினி சொல்லும் நேரத்தில் திறந்து மூடும் ஒரு சின்னக் கதவு. பெயர் அப்படியே நிற்க, வேலை மாறிவிட்டது.

தமிழில் பாடநூல் சொல் 'எரிபொருள் உட்செலுத்தி'. உள் + செலுத்தி என்பதில் ளகரம் டகரமாகி உட்செலுத்தி ஆயிற்று. பிழையில்லாத சொல்தான், ஆனால் எப்படிச் செலுத்துகிறது என்பதைச் சொல்லவில்லை. 'தெளிப்பான்' தோட்டத்து மருந்துக்கு ஏற்கெனவே போய்விட்டது. எங்கள் பரிந்துரை 'எரிபொருள் பீச்சி'. அழுத்தத்தில் இருக்கும் திரவம் சிறு துளை வழியே, விட்டுவிட்டு, வேகமாக வெளிவருவதற்குத் தமிழில் பீச்சுதல் என்று பெயர். பால் பீச்சுகிறோம், பீச்சாங்குழலில் தண்ணீர் அடிக்கிறோம். பீச்சாங்கை நினைவுக்கு வருவதால் சிலர் இந்தச் சொல்லைக் கூச்சத்தோடு தவிர்க்கிறார்கள். அந்தக் கூச்சம் வேண்டாம்.

சொம்பில் பால் விழும் 'சர், சர்' போல இந்தப் பீச்சிக்கும் ஓர் ஒலி உண்டு. ஆனால் அது எரிபொருள் பாயும் ஒலி அல்ல. மின்காந்தச் சுருள் உள்ளே இருக்கும் ஊசியை மேலே இழுக்கும்போதும், ஸ்பிரிங் அதைத் திரும்ப அமர்த்தும்போதும் எழும் 'டிக்'. சொடுக்கு என்பதே இதற்குப் பொருத்தமான சொல். எனவே பீச்சியிலிருந்து சத்தம் வருவதே கோளாறு என்று எண்ணக் கூடாது. சத்தமே வராத பீச்சியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டர் மிதிக்காமல், நிமிடத்துக்கு 800 சுற்று ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு பீச்சியும் நிமிடத்துக்கு 400 முறை, அதாவது இரண்டு சுற்றுக்கு ஒருமுறை திறக்கிறது. வால்வைத் திறக்க அழுத்தும் டேப்பட்டும் அதே கணக்கில்தான் தட்டும். அதனால் வேகத்தை மட்டும் வைத்து 'டேப்பட் அடிக்குது', 'இன்ஜெக்டர் அடிக்குது' என்று பிரிக்க முடியாது. தொட்டுக் கேட்க வேண்டும். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பீச்சியின் உடலில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் ஒட்டி, நான்கு பீச்சிகளையும் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஃபேன், பெல்ட் பக்கம் கையோ சட்டையோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கும் ஒரே மாதிரி சொடுக்கினால் பீச்சிகள் வேலை செய்கின்றன. சத்தம் வால்வு கவரின் மேல் பலமாகக் கேட்டால் டேப்பட். பலரை ஏமாற்றும் இன்னொன்று பர்ஜ் வால்வு. பெட்ரோல் டேங்க் ஆவியை எஞ்சினுக்கு அனுப்பும் அதுவும் ஒரு மின்காந்த வால்வு என்பதால் அதே 'டிக் டிக்' வரும். விரலால் தொட்டாலே துடிப்பு தெரியும். இதைப் பார்க்காமல் நல்ல பீச்சிகளைக் கழற்றிச் சுத்தம் செய்பவர்கள் உண்டு.

ஒன்று மட்டும் மௌனமா? எஞ்சினை நிறுத்தி, கனெக்டரைக் கழற்றி, மல்டிமீட்டரில் சுருளின் தடையை அளக்க வேண்டும். காற்று உள்ளே போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டில் பீச்சும் பெரும்பாலான பெட்ரோல் கார்களில் 12 முதல் 16 ஓம் வரை இருக்கும். நான்கும் ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும். மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது. தடை சரியாக இருந்தால் கனெக்டரில் நாய்டு லைட் (கணினியின் மின்துடிப்பு வருகிறதா என்று காட்டும் சோதனை விளக்கு) செருகி ஸ்டார்ட் அடியுங்கள். லைட் மினுக்கினால் ஊசி சிக்கியிருக்கிறது; மினுக்காவிட்டால் கோளாறு ஒயரிங்கிலோ கணினியிலோ. எண்ணூர், காசிமேடு கடலோரத்தில் நிற்கும் வண்டிகளில் கனெக்டர் பின்னில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பது நல்லது.

ஒன்று மட்டும் ஓங்கி அடித்தால் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் இறுகிப்போயிருக்கலாம், பீச்சிகளுக்கு எரிபொருள் தரும் பொதுக்குழாயான ஃபியூயல் ரயிலின் போல்ட் தளர்ந்திருக்கலாம். கழற்றும் முன் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். குழாயில் இருப்பது சுமார் 3 பார் அழுத்தம். சூடான எஞ்சின்மேல் சீறினால் தீப்பிடிக்கும். சிலிண்டருக்குள் நேரடியாகப் பீச்சும் எஞ்சின்களில் 150 பாருக்கு மேல் போகும். அவற்றில் சொடுக்கு பலமாகக் கேட்பது இயல்பு.

டீசலில் அழுத்தம் இன்னும் பலமடங்கு. பழைய பம்ப்-நாசில் லாரியிலும் விசைப்படகிலும், எந்த சிலிண்டர் தட்டுகிறது என்று பார்க்கப் பைப் நட்டை ஓடும்போதே தளர்த்துவார்கள். எல்லாப் பீச்சிக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரயில் வண்டியில் அதை ஒருபோதும் செய்யக் கூடாது. அங்கே அழுத்தம் 1,600 பாரைத் தொடும். கார் டயரில் இருப்பது வெறும் 2.2 பார். கண்ணுக்குத் தெரியாத கீற்றாக வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பட்டால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சுருளுக்குப் பதில் மின்சாரத்தில் விரியும் படிகத்தால் இயங்கும் பியசோ வகைப் பீச்சியின் கனெக்டரையும் எஞ்சின் ஓடும்போது பிடுங்கக் கூடாது. பாதுகாப்பான வழி திரும்புகுழாய்ச் சோதனை. பீச்சியில் மிஞ்சும் டீசலைத் திருப்பி அனுப்பும் நான்கு ரிட்டர்ன் குழாய்களையும் நான்கு பாட்டிலில் விட்டு, சில நிமிடம் ஐடிலில் ஓட்டி, அளவை ஒப்பிடுங்கள். மற்றவற்றைவிட மிக அதிகமாக நிரம்புவதன் பீச்சி உள்ளே தேய்ந்திருக்கிறது.

டீசல் 'டக டக' என்று கடுமையாகத் தட்டுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. காமன் ரயிலில் முதலில் ஒரு துளி பீச்சி, தீயை மெல்லத் தொடங்கிவைத்து, அப்புறம்தான் முழு அளவு பீச்சும். தேய்ந்த ஊசியால் அந்தச் சிறு அளவைத் தர முடியாது. அப்போது எரிபொருள் மொத்தமாகக் குப்பென்று பற்றி எழுப்பும் தட்டல்தான் கேட்கிறது.

'சுக் சுக்' என்று காற்று கசியும் ஒலியும், பீச்சியைச் சுற்றித் தார் போன்ற கறுப்பும் இருந்தால் அடியிலுள்ள காப்பர் வாஷர் போய்விட்டது. பழையதைத் திரும்பப் போடாதீர்கள். பீச்சி அமரும் இடத்தில் ஒட்டிய கரியைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிது போட்டு, கம்பெனி சொன்ன டார்க்கில் (முறுக்குவிசை அளவில்) முறுக்க வேண்டும். பீச்சியையே மாற்றினால், பல காமன் ரயில் வண்டிகளில் அதன் தலையில் பொறித்திருக்கும் திருத்தக் குறியீட்டை ஸ்கேனர் மூலம் கணினியில் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் விட்டால் புத்தம்புதுப் பீச்சியும் ஐடிலில் தட்டலாம்.